பழைய வண்டியில் ஏர் லீக்கும் கியர் சண்டித்தனமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கும்பகோணத்துக்கும் திருவாரூருக்கும் நடுவே ஒரு சின்னப் பட்டறை எங்களுடையது. வருவதெல்லாம் வயசான வண்டிகள்: கார்புரேட்டர் மாருதி 800, ஆம்னி, அம்பாசிடர், சுமோ, பொலேரோ, கல்யாண ஊர்வலத்துக்கு விடும் பழைய பென்ஸ் ஒன்றிரண்டு. "கியர் பாக்ஸ் போச்சு" என்று தீர்ப்பு எழுதிக்கொண்டுதான் பலரும் வண்டியை உள்ளே விடுகிறார்கள். கியர் பாக்ஸை இறக்குவதற்கு முன்னால் ஒரு முழ ரப்பர் ஹோஸைப் பாருங்கள் என்று வாயால் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய் எழுதி வைத்ததுதான் இது.

என்ஜின் "ஏர் இழுக்குது" என்கிறார்களே, அப்படி என்றால் என்ன?

பெட்ரோல் என்ஜின் தனக்கு வேண்டிய காற்றைத் தானே உறிஞ்சிக்கொள்கிறது. ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் விட்டிருக்கும்போது காற்றில் பெட்ரோலைக் கலக்கும் கார்புரேட்டருக்குள் இருக்கும் தகடு ஏறக்குறைய மூடியிருக்கும். பிஸ்டன் கீழே இறங்கி இழுக்கிறது, மேலே வழி இல்லை. அதனால் தகடுக்குக் கீழே, காற்றை சிலிண்டர்களுக்குக் கொண்டுபோகும் மேனிபோல்டில், பலமான உறிஞ்சல் உண்டாகிறது. அதுதான் வேக்குவம். மிதிக்கும் காலுக்குப் பலம் கூட்டும் பிரேக் பூஸ்டர் வேலை செய்வதும், பிளக்குகளுக்குப் பொறியைப் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டர் பொறி விழும் நேரத்தை, அதாவது டைமிங்கை, முன்னே தள்ளுவதும் இந்த உறிஞ்சலை வைத்துத்தான்.

இளநீர் குடிக்கும் ஸ்டிராவில் பாதி வழியில் ஒரு விரிசல் இருந்தால் என்ன ஆகும்? காற்று வரும், இளநீர் வராது. இங்கேயும் அதே கதை. கார்புரேட்டர் வழியாக வராமல் குறுக்கே நுழையும் காற்றுக்குப் பெட்ரோல் கலக்கவில்லை. கலவை மெலிகிறது, என்ஜின் தடுமாறுகிறது.

என்ன அறிகுறி தெரியும்?

ஆக்சிலரேட்டரை மிதிக்காதபோது என்ஜின் ஓடும் வேகம், அதாவது ஸ்லோ, நிற்காது. நின்றாலும் ஏறி இறங்கி ஊசலாடும். சிக்னலில் அணைந்துபோகும், ஏசி போட்டால் உடனே அணையும். சில வண்டிகளில் நேர் எதிராக, கால் எடுத்த பிறகும் என்ஜின் உறுமிக்கொண்டே இருக்கும். புறப்படும்போது ஒரு குலுக்கல், பிக்கப்பில் ஒரு தயக்கம். பிளக்கைக் கழற்றினால் முனை வெளிறிச் சாம்பல் பூத்திருக்கும். பானெட்டுக்குள் 'உஸ்ஸ்' என்று பாம்பு சீறும் சத்தம் கேட்டால் சந்தேகமே வேண்டாம்.

ஓட்டை சின்னதாக இருந்தால் இந்தத் தொல்லை எல்லாம் ஸ்லோவில்தான் தெரியும். வண்டி வேகம் எடுத்ததும் அடங்கிவிடும். உள்ளே போகும் மொத்தக் காற்று பல மடங்கு கூடும்போது அந்தத் திருட்டுக் காற்று பெரிதாகத் தெரியாது. "ரோட்டில் நல்லா ஓடுது, ஊருக்குள்ளே வந்தால்தான் மக்கர்" என்று யாராவது சொன்னால் என் கை நேராக ஹோஸ்களுக்குத்தான் போகும்.

போன மாதம் வரை நன்றாக ஓடிய வண்டி திடீரென்று இப்படி ஆகுமா?

ஆகும். நம் பக்கத்தில் அதற்கு ஒரு பருவமே உண்டு. சம்பா அறுப்பு முடிந்ததும் வயலில் இருந்த எலி எல்லாம் வீட்டுப் பக்கம் வரும். ராத்திரி நிறுத்திய வண்டியின் என்ஜின் சூடு அதற்கு மெத்தை போட்ட மாதிரி.

ஒரு தை மாதம் ஓர் ஆம்னி வந்தது. ஓட்டிவந்தவர் வரும் வழியிலேயே இரண்டு பேரிடம் கேட்டிருக்கிறார். ஒருவர் கார்புரேட்டர் போச்சு என்றிருக்கிறார், இன்னொருவர் கிளட்ச் பிளேட் என்றிருக்கிறார். ஆம்னியில் என்ஜின் சீட்டுக்கு அடியில்தான். சீட்டைத் தூக்கினேன். ஏர் கிளீனர் பெட்டிக்குப் பின்னால் ஒரு கை வைக்கோல், நாலைந்து உமி, நடுவில் நெல்மணிகள், அத்தனையும் எலி பந்து மாதிரி சுருட்டி வைத்திருந்தது. பூஸ்டருக்குப் போகும் தடித்த ஹோஸை அது தொடவில்லை. டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் சுண்டுவிரல் கனம்கூட இல்லாத ஹோஸில், வளைவின் அடிப்பக்கத்தில், ஆப்பு வெட்டியது போல ஒரு கடி. மேலே இருந்து பார்த்தால் ஹோஸ் முழுசாகத்தான் தெரிந்தது. விரலை அடியில் ஓட்டியபோதுதான் நகம் மாட்டியது. கால் மணி நேர வேலை. அவரோ கிளட்ச் செட்டுக்குப் பணம் எடுத்து வைத்துக்கொண்டு வந்திருந்தார்.

ரசகற்பூர உருண்டை, புகையிலை என்று ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள். வாசனை இருக்கும் வரை சரி. வாரத்துக்கு ஒருமுறை திறந்து பார்ப்பதைவிட நல்ல வைத்தியம் எனக்குத் தெரிந்து இல்லை.

ஓட்டையை வீட்டிலேயே கண்டுபிடிக்க முடியுமா?

முடியும், அவசரப்படக்கூடாது. தோளில் துண்டு இருந்தால் முதலில் கழற்றி வைத்துவிடுங்கள், வேட்டியை மடித்துக் கட்டுங்கள். ஃபேன் பெல்ட்டுக்குத் துண்டு என்றும் தெரியாது, கை என்றும் தெரியாது.

முதலில் என்ஜினை அணைத்துவிட்டு எல்லா ரப்பர் ஹோஸையும் நுனியில் மடக்கிப் பாருங்கள். விரிசல் பெரும்பாலும் நடுவில் வராது. உலோகக் குழாயில் ஏறியிருக்கும் அந்தக் கடைசி அரை அங்குலத்தில்தான் வரும். விறைத்துப்போய் அப்பளம் மாதிரி நொறுங்கினால் மாற்ற வேண்டியதுதான்.

அப்புறம் என்ஜினை ஓடவிட்டு, துணி சுற்றிய குறடால் ஒவ்வொரு ஹோஸாக நசுக்குங்கள். எதை நசுக்கும்போது ஸ்லோ சட்டென்று சீராகிறதோ அந்தப் பாதையில்தான் ஓட்டை. பூஸ்டர் ஹோஸை நசுக்கும்போது சீரானால் ஹோஸோ, பூஸ்டருக்குள் இருக்கும் டயாபிரம் என்ற ரப்பர் தகடோ கிழிந்திருக்கிறது.

காதுக்கு ஒரு துணை வேண்டுமென்றால் ஒரு மீட்டர் ஹோஸ் துண்டின் ஒரு முனையைக் காதில் வைத்து, மறு முனையை ஒவ்வொரு இணைப்பாக நகர்த்துங்கள். டாக்டர் ஸ்டெத் வைப்பது போலத்தான். சீறல் கேட்கும் இடத்தைத் தப்பவிடாது.

இணைப்பில் காற்று கசியாமல் அடைக்கும் மேனிபோல்டு பேக்கிங், கார்புரேட்டருக்கு அடியில் இருக்கும் பேக்கிங் இரண்டையும் நசுக்கிப் பார்க்க முடியாது. அங்கே பூவாளி போலத் தெளிக்கும் பாட்டிலால் கொஞ்சம் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். விரிசலைத் தண்ணீர் ஒரு நொடி அடைக்கும், சத்தம் மாறும். டிஸ்ட்ரிபியூட்டர் மேல் படக்கூடாது. கார்புரேட்டர் கிளீனர் ஸ்பிரே அடித்துப் பார்ப்பவர்கள் உண்டு, பலன் இன்னும் தெளிவாகத் தெரியும். ஆனால் பக்கத்திலேயே பழுக்கக் காய்ந்த சைலன்சர் குழாய் இருக்கிறது. பிளக் ஒயரில் பொறி கசிந்தாலும் போதும், பற்றிக்கொள்ளும். வீட்டில் அதைச் செய்ய வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

பூஸ்டர் நன்றாக இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது?

என்ஜினை அணைத்துவிட்டு பிரேக்கை நாலைந்து முறை மிதியுங்கள். பெடல் இறுகிவிடும். அப்படியே மிதித்துக்கொண்டு ஸ்டார்ட் செய்யுங்கள். கால் லேசாகக் கீழே இறங்க வேண்டும். இறங்கவில்லை என்றால் பூஸ்டருக்கு வேக்குவம் போய்ச் சேரவில்லை.

வேக்குவம் கேஜ் வாங்கலாமா? எத்தனை காட்ட வேண்டும்?

சொந்தமாக வேலை பார்ப்பவர் என்றால் வாங்குங்கள். நல்ல பெட்ரோல் என்ஜின் ஸ்லோவில் 17 முதல் 21 அங்குலம் (பாதரச அளவு) வரை காட்டும், முள் ஆடாமல் நிற்கும். நிலையாக நின்றுகொண்டே 12, 14 என்று தாழ்ந்திருந்தால் ஏர் லீக்காக இருக்கலாம், டைமிங் பின்தங்கியும் இருக்கலாம். முள் தாளம் போட்ட மாதிரி ஒரே சீராக விழுந்து எழுந்தால் வால்வு ஒன்று சரியாக மூடவில்லை. அது ஹோஸ் மாற்றித் தீராது.

இந்த எண்கள் கடல் மட்டத்துக்கு உரியவை. டெல்டா முழுக்கத் தட்டை பூமி என்பதால் அப்படியே எடுத்துக்கொள்ளலாம். உயரம் ஆயிரம் அடி கூடினால் சுமார் ஓர் அங்குலம் குறையும். இங்கே 19 காட்டிய வண்டி ஏறக்குறைய ஏழாயிரம் அடி உயரத்தில் இருக்கும் கொடைக்கானலில் 12 காட்டினால் அது நோய் இல்லை.

எங்கள் வண்டி பெட்ரோல் இன்ஜெக்ஷன். இதெல்லாம் பொருந்துமா?

கார்புரேட்டருக்குப் பதில் கம்ப்யூட்டர் அளந்து பெட்ரோல் விடும் வண்டி அது. ஓட்டை அதேதான், நடத்தை வேறு. மேனிபோல்டு அழுத்தத்தை அளந்து பெட்ரோல் விடும் வண்டிகளில், திருட்டுக் காற்று வந்தாலும் கம்ப்யூட்டர் அதை அழுத்தம் கூடியதாக எடுத்துக்கொண்டு கூடவே பெட்ரோலும் விட்டுவிடும். அதனால் தடுமாற்றம் குறைவு, ஸ்லோ மட்டும் ஏறி நிற்கும். உள்ளே வரும் காற்றின் அளவையே அளக்கும் வண்டிகளில் கலவை மெலிந்து குலுக்கும். காற்றுத் தகடு இருக்கும் த்ராட்டில் பாடியில் கரி படிந்தாலும் ஏர் லீக் போலவே ஏமாற்றும், முதலில் அதைச் சுத்தம் செய்யுங்கள்.

டீசல் வண்டிக்கு ஏர் லீக் உண்டா?

பழைய டீசல் பெரும்பாலானவற்றில் காற்றை அடைக்கும் தகடு கிடையாது. அதனால் மேனிபோல்டில் உறிஞ்சலும் கிடையாது. பிரேக் பூஸ்டருக்காகத் தனியாக ஒரு வேக்குவம் பம்ப் வைத்திருப்பார்கள். சுமோ, பழைய ஜீப் வகைகளில் பார்த்தால் ஆல்டர்னேட்டரின் முதுகில் ஒட்டிக்கொண்டிருக்கும். ஹோஸ் ஓட்டையானால் என்ஜின் ஓட்டத்தில் ஒன்றும் தெரியாது. பிரேக்தான் கல்லாக இறுகும்.

இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஃபேன் பெல்ட் தளர்ந்தால் பேட்டரி சார்ஜ் குறையும், அதோடு பிரேக்கும் பலம் இழக்கும். பெல்ட் அறுந்தால் பூஸ்டரில் மிச்சம் இருக்கும் வேக்குவம் இரண்டு மூன்று மிதிக்குத்தான் தாங்கும். வெண்ணாற்றுப் பாலத்தில் எதிரே கரும்பு லாரி வரும்போது தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் இல்லை இது. பம்ப் பக்கம் ஆயில் ஒழுகி ஆல்டர்னேட்டர் நனைந்திருந்தால் அதையும் உடனே பாருங்கள்.

சரி, ஏர் லீக்குக்கும் கியருக்கும் என்ன சம்பந்தம்?

இந்தக் கேள்விக்குத்தான் நான் அதிகம் பேசுவேன்.

கியர் போடும்போது கிளட்ச் மிதிக்கிறோம். கிளட்ச் முழுசாக விலகினால் கியர் பாக்ஸுக்குள் போகும் தண்டு சுழல்வதை நிறுத்தும், பல் அமைதியாகக் கோக்கும். பழைய வண்டியில் கிளட்ச் எப்போதும் முழுசாக விலகுவதில்லை. கேபிள் இழுபட்டிருக்கும், பிளேட் லேசாக உரசும். ஸ்லோ சரியாக நிமிடத்துக்கு 800 சுற்றில் நிற்கும் வரை அந்த உரசல் பெரிதாகத் தெரியாது. ஏர் லீக்கால் ஸ்லோ 1500-க்கு ஏறியதும், அதே உரசல் தண்டை இன்னும் வேகமாகச் சுழற்றும். ரிவர்ஸ் போட்டால் 'கர்ர்', முதல் கியர் போட்டால் ஒரு முட்டு. ஓட்டுபவருக்குக் கையில் தெரிவது கியர் கம்பி. அதனால் பழி கியர் பாக்ஸுக்கு.

எதிர்ப்பக்கமும் உண்டு. கலவை மெலிந்த என்ஜினில் இழுவை இருக்காது. மூன்றாவதில் போக வேண்டிய இடத்தில் இரண்டாவதுக்கு இறக்க வேண்டி வரும், மேலே மாற்றினால் வண்டி உதறும். "கியர் மாத்தினா வண்டி ஏறவே மாட்டேங்குது" என்பார்கள். கியர் மாறிவிட்டது, இழுக்க வேண்டியது என்ஜின்.

நானே இதில் ஏமாந்திருக்கிறேன். தொழில் பழகிய காலத்தில் வீட்டு அம்பாசிடரின் கியர் பாக்ஸை இறக்கி, இரண்டு நாள் கரியில் புரண்டு, பல் கோக்கும் முன் வேகத்தைச் சமப்படுத்தும் சிங்க்ரோ ரிங்கை மாற்றி ஏற்றினேன். ரிவர்ஸ் அப்போதும் கத்தியது. மேனிபோல்டு பேக்கிங்கின் ஓரம் ஊதிப்போயிருந்ததை அதற்கு அடுத்த வாரம்தான் பார்த்தேன். அப்பா ஒரு வார்த்தை பேசவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

குற்றம் கிளட்சிலா, கியர் பாக்ஸிலா என்று எப்படிப் பிரித்துப் பார்ப்பது?

என்ஜினை அணைத்துவிட்டு எல்லாக் கியரையும் போட்டுப் பாருங்கள். அணைத்தால் வெண்ணெய் மாதிரி விழுந்து, ஓடும்போது மட்டும் அடம் பிடித்தால் கிளட்ச் அல்லது ஸ்லோ. அணைத்தாலும் இறுக்கம் என்றால் கியர் கம்பி, புஷ், கியர் பாக்ஸ் பக்கம்.

இன்னொன்று: ஸ்லோவில் கிளட்சை முழுசாக மிதித்து, ஐந்து எண்ணிவிட்டு ரிவர்ஸ் போடுங்கள். அப்போதும் கத்தினால் கிளட்ச் விலகவில்லை. மாருதி 800-இல் கேபிளைப் பாருங்கள், அம்பாசிடரில் கிளட்ச் சிலிண்டர் இரண்டையும் பாருங்கள். அங்கே இருப்பது பிரேக் ஆயில், ஈரத்தை உறிஞ்சும் சரக்கு. ஐப்பசி, கார்த்திகை ஈரத்துக்குப் பிறகு அது பழுப்பாகி சிலிண்டரைத் துருப்பிடிக்க வைக்கும்.

ஒரே ஒரு கியர் மட்டும், பெரும்பாலும் இரண்டாவது, கீழே இறக்கும்போது கரகரத்தால் அதன் சிங்க்ரோ ரிங் தேய்ந்திருக்கிறது. அது உண்மையாகவே கியர் பாக்ஸ் வேலை. எல்லாக் கியரும் லொடலொடவென்று, எங்கே இருக்கிறது என்றே தெரியாமல் ஆடினால் கியர் கம்பியின் புஷ் போயிருக்கிறது, சில்லறை வேலை. என்ஜின் பெட் ரப்பர் கிழிந்து என்ஜின் சாய்ந்தாலும் கம்பி கோணலாகிக் கியர் இறுகும்.

பழைய அம்பாசிடர், பியட் இரண்டிலும் முதல் கியருக்கு சிங்க்ரோ கிடையாது. வண்டி உருளும்போது முதல் கியருக்கு இறக்கினால் கத்தத்தான் செய்யும். அது குணம், குறை அல்ல.

பழைய பென்ஸ் ஆட்டோமேட்டிக் ஒவ்வொரு கியருக்கும் முதுகில் உதைக்கிறது. கியர் பாக்ஸ் முடிந்ததா?

முடிந்ததாக நினைத்துவிடாதீர்கள். 1970, 80-களின் பென்ஸ் ஆட்டோமேட்டிக்கில் மாடுலேட்டர் என்று ஒரு சின்ன உலோகக் கிண்ணம் கியர் பாக்ஸின் பக்கவாட்டில் திருகியிருக்கும். உள்ளே ரப்பர் டயாபிரம். என்ஜின் எவ்வளவு சிரமப்படுகிறது என்று கியர் பாக்ஸுக்குச் சொல்வது அதன் வேலை. வேக்குவம் நிறைய வந்தால் "சுமை இல்லை" என்று அர்த்தம், கியர் மெதுவாக, மெத்தென்று மாறும். ஹோஸ் கழன்று வேக்குவம் வராவிட்டால், முழு மிதி மிதித்திருக்கிறார்கள் என்று நினைத்து அழுத்தத்தைக் கூட்டி அடித்து மாற்றும்.

மாடுலேட்டரின் ஹோஸைக் கழற்றி உள்ளே எட்டிப் பாருங்கள். சிவப்பு எண்ணெய் ஈரம் இருந்தால் டயாபிரம் கிழிந்துவிட்டது. பெட்ரோல் வண்டியில் அந்த எண்ணெயை என்ஜின் குடித்து வெள்ளைப் புகை விடும், தரையில் ஒரு சொட்டும் இல்லாமல் கியர் ஆயில் மட்டும் குறைந்துகொண்டே வரும்.

அந்தக் காலத்து பென்ஸ் டீசலில் கதை இன்னும் சுவாரசியம். பிரேக், கதவுகளின் சென்ட்ரல் லாக், என்ஜினை அணைக்கும் வால்வு, கியர் மாடுலேட்டர் எல்லாமே ஒரே வேக்குவம் பம்பை நம்பி இருக்கின்றன. பின்கதவின் பூட்டுக்குள் ஒரு ரப்பர் கிழிந்தால் கியர் உதைக்கும், சாவியைத் திருப்பினாலும் என்ஜின் அணையாமல் ஓடும். ஊர்வலம் முடிந்து மாப்பிள்ளை இறங்கிய பிறகும் வண்டி தடதடத்துக்கொண்டே நின்றதை மண்டப வாசலில் பார்த்திருக்கிறேன். கதவுப் பூட்டைச் சரி செய்தோம், கியரும் அடங்கியது.

மாடுலேட்டர் இல்லாத பழைய ஆட்டோமேட்டிக் பலவற்றில் கார்புரேட்டரிலிருந்து ஒரு கேபிள் போகும். அது தளர்ந்தால் கியர் சீக்கிரமாகவும் வழுக்கியும் மாறும், இறுகினால் தாமதமாக மாறும். எண்ணெய் கறுத்துக் கருகல் வாசனை அடித்தால் மட்டும் கேபிளோடு நிறுத்தாதீர்கள்.

வெள்ளத்தில் ஓட்டினேன். அப்புறம் கியர் மந்தமாக விழுகிறது?

சூடான கியர் பாக்ஸ் தண்ணீரில் இறங்கியதும் சட்டென்று குளிர்ந்து, உள்ளே இருக்கும் காற்று சுருங்கி, மூச்சுத் துளை வழியாகத் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். ஆயிலை ஒரு டம்ளரில் இறக்கிப் பாருங்கள். டிகிரி காபி நிறத்தில் நுரையோடு வந்தால் உடனே மாற்றுங்கள். 2018 கஜா புயலுக்குப் பிறகு வேதாரண்யம், நாகை பக்கமிருந்து வந்த வண்டிகளில் இந்தக் காபியை நிறையப் பார்த்தோம்.

மாற்றும்போது புத்தகத்தில் போட்டிருக்கும் கிரேடையே ஊற்றுங்கள். கெட்டியான ஆயில் ஊற்றினால் சத்தம் அடங்கும், காலையில் கியர் இறங்காது. ஜிஎல் 4 ரக கியர் ஆயில் கேட்கும் பாக்ஸில் ஜிஎல் 5 ஊற்றினால் சில ரகங்கள் பித்தளை சிங்க்ரோ ரிங்கை அரிக்கும்.

மழைக்காலம் முழுக்க நிறுத்தி வைத்த வண்டி. கிளட்ச் மிதித்தும் கியரே விழவில்லை.

கிளட்ச் பிளேட் துருப்பிடித்து, என்ஜினோடு சுழலும் பிளைவீல் சக்கரத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கும். என்ஜினை நன்றாகச் சூடாக்கி அணையுங்கள். முன்னால் ஆளோ சுவரோ இல்லாத களத்தில், கிளட்சை மிதித்தபடியே இரண்டாவது கியரில் ஸ்டார்ட் செய்து, ஆக்சிலரேட்டரை விட்டு விட்டு மிதியுங்கள். பெரும்பாலும் 'டப்' என்று விட்டுவிடும். வண்டி உடனே நகரும், பிரேக் சரியாக இருக்கிறதா என்று முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். விடவில்லை என்றால் இறக்கித்தான் ஆக வேண்டும்.

ஸ்லோ ஸ்குரூவைத் திருகிச் சரி செய்யக் கூடாதா?

ஓட்டையை அடைக்காமல் திருகினால் இரண்டு வாரம் ஓடும். அப்புறம் ஓட்டையை அடைத்த அன்று ஸ்லோ எகிறும்.

சலைன் ட்யூப் போட்டுத் தந்தார்கள். பரவாயில்லையா?

கண்ணாடி கழுவும் தண்ணீருக்கு என்றால் பரவாயில்லை. வேக்குவத்துக்கு வேண்டாம். என்ஜின் சூட்டில் இளகி, உறிஞ்சலில் சப்பையாகி ஒட்டிக்கொள்ளும். ஓட்டையே இல்லாமல் அடைப்பு வந்துவிடும், அதைக் கண்டுபிடிப்பது இன்னும் கஷ்டம். பூஸ்டருக்கு உள்ளே நூல் பின்னிய தடித்த ஹோஸ்தான் போட வேண்டும். நடுவில் இருக்கும் ஒருவழி வால்வை முன்பின் மாற்றிப் போட்டுவிடாதீர்கள். என்ஜின் பக்கம் மட்டுமே காற்று போக வேண்டும், வாயால் ஊதிப் பார்த்தாலே தெரியும்.

கடைக்குப் போகும்போது பழைய துண்டைக் கையோடு எடுத்துப் போங்கள். நுனி எல்லாம் விரிந்திருக்கும், அங்கே அளவு பார்க்க வேண்டாம். நடுவில் வெட்டிய வாயைக் காட்டி அளவு கேளுங்கள், இரண்டு அங்குலம் கூடுதலாகவே வாங்குங்கள்.